ஆறு சதவீதம் செவிடு

பட்டாளத்தாருக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்துவிட்டது. சும்மா வாய்வார்த்தையாக இல்லை. மருத்துவக் குழுவின் மூன்று கையெழுத்து, வட்ட முத்திரை, தேதி எல்லாம் போட்டு, 'செவித்திறன் குறைபாடு: ஆறு சதவீதம்' என்று தட்டச்சு செய்து கொடுத்தார்கள். வேறு யாராவது இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது.

மனைவி காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தாள். பிறகு அவருக்கு நேர் எதிரே வந்து நின்றுகொண்டு, வாயை நன்றாகத் திறந்து கேட்டாள்.

“உங்களுக்குக் காது கேக்குதாமே?”

“அப்படித்தான் போட்டிருக்காங்க.”

“எப்போலேருந்து? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு வருஷக்கணக்கா தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேனே!”

பட்டாளத்தார் கழற்றி வைத்த செருப்பை மறுபடியும் மாட்டினார். மறுபடியும் கழற்றி ஓரமாக வைத்தார்.

விஷயம் இதுதான். எடை அளவுத் துறையின் சோதனைக்கூடத்தில் உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. கடைக்காரர்களின் தராசையும் எடைக்கற்களையும் சரிபார்த்து முத்திரை குத்துகிற இடம். அந்த ஒரே ஒரு இடத்தை, முன்னாள் படைவீரர்களில் காது கேட்காத ஒருவருக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். நாற்பது சதவீதமாவது கேட்காமல் இருக்க வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. பட்டாளத்தாருக்கு ஐம்பது முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது.

பத்தொன்பது வருஷம் பீரங்கிப் படையில் குறி வைப்பவராக இருந்தவர் அவர். மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாய்க்குள் ஓடுகிற குமிழியை நூல் பிசகாமல் நடுவில் நிறுத்துவதுதான் வேலை. அவருக்குத் தராசு முள் என்ன பெரிய விஷயம்! ஆனால் பட்டாளத்தை விட்டு வெளியே வந்தவருக்குக் கிடைத்தது ஒரு கிடங்கின் வாசலில் காவல் வேலை. ஒருநாள் பின்னால் ரிவர்ஸில் வந்த லாரி ஹாரன் மேல் ஹாரன் அடித்தும் இவர் நகரவில்லை. லாரிக்காரர் நல்ல மனுஷன், பிரேக்கை மிதித்துவிட்டார். கிடங்கு முதலாளி அன்றைக்கே சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டு இடத்தில் நேர்காணலுக்குப் போனார். ஓரிடத்தில், “எங்கே குடியிருக்கீங்க?” என்று கேட்டதற்கு, “பழகிடுச்சுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். பதினான்கு மாதமாக வீட்டில்தான் இருக்கிறார். மனைவி ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் இருக்கிறாள். பகல் முழுக்க வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளையைத் தெரு எப்படிப் பார்க்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியிருக்க, காது கேட்காத ஒருவர் காது பரிசோதனையில் போய் எப்படிப் பாஸ் பண்ணினார்? அங்கேதான் இருக்கிறது கூத்து.

பட்டாளத்தில் வருஷத்துக்கு ஒருமுறை காதைச் சோதிப்பார்கள். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். 'கீ' என்று சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கேட்காவிட்டால் தரம் இறக்கிவிடுவார்கள். தரம் இறங்கியவன் பீரங்கிப் பக்கம் போக முடியாது. கிடங்கில் உட்கார்ந்து போர்வை எண்ண வேண்டியதுதான். பீரங்கிக் குழுவில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்குமே காது அரைகுறை, எட்டுப் பேருமே போர்வை எண்ணத் தயாராக இல்லை. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்து, காதும் காதும் வைத்த மாதிரி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள் விசையைத் தட்டும்போது அவன் வலது தோள் இம்மியளவு மேலே ஏறும். காதை மறந்துவிடு, தோளைப் பார். தோள் ஏறினால் அமுக்கு.

பதினோரு வருஷம் பட்டாளத்தார் தோளைப் பார்த்தே அமுக்கினார். ஒரு தடவைகூடத் தரம் இறங்கவில்லை. இதில் ஒரு கோளாறு என்னவென்றால், நாளாக ஆக, தோளைப் பார்த்ததுமே தலைக்குள் ஒரு 'கீ' கேட்க ஆரம்பித்தது. அது காது வழியாக வந்ததா, பழக்கத்தில் வந்ததா என்று அவருக்கே தெரியாமல் போனது. தனக்குக் காது 'கொஞ்சம் மந்தம்', அவ்வளவுதான் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அரசு மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்று மனைவி படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள். “கேட்டா அமுக்குங்க, கேக்கலைன்னா அமுக்காதீங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

“இதுகூடவா எனக்குத் தெரியாது?” என்று முறைத்துவிட்டுப் போனார்.

அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் இருந்தாள். காது பரிசோதகர். தோள் ஏறியது. பட்டாளத்தார் தலைக்குள் 'கீ' என்றது. கட்டைவிரல் அமுக்கிவிட்டது. அந்தப் பெண் வேறு நடுவில் கதவைத் திறந்து, “ரொம்ப நல்லா பண்றீங்க ஐயா!” என்று சிரித்துவிட்டாள். போதாதா! பட்டாளத்தாருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மிச்சத்தை இன்னும் நன்றாகப் பண்ணினார்.

ஆறு சதவீதம் வந்தது இப்படித்தான். மனைவியிடம் தோள் கதையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “மிஷின் கோளாறா இருக்கும்” என்று முணுமுணுத்தார்.

“மிஷின் ஒழுங்காத்தான் இருக்கும். எனக்கு வாய்ச்சதுதான் கோளாறு,” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னதால் அது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுவேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனார். முன்னாள் படைவீரர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலை தேடிக் கொடுக்கிற அலுவலகம் அது. நீளமான அறை, சுவரோரம் இரும்பு அலமாரிகள், நடுவில் பெஞ்சுகள். கடைசி மேஜையில் இருந்தவரை எல்லோரும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதிலேயே ஒரு கால் போனவர். ஊன்றுகோலை மேஜையில் சாய்த்து வைத்திருப்பார். எட்டாத அலமாரிக் கதவை அதன் பிடியாலேயே கொக்கி போட்டு இழுத்துத் திறப்பார். இதே திட்டத்தில் வேலைக்கு வந்தவர்தான் அவரும். வந்த நாளிலிருந்து மற்றவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

மேடம் காகிதத்தைப் பார்த்தார். பட்டாளத்தாரைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

“ஆறா?”

“ஆமாங்க.”

“போன தடவை வந்தப்போ நான் விலாசம் கேட்டேன். நீங்க உங்க பொண்ணு வயசைச் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?”

“இருக்குங்க.”

மேடம் ஒரு ஃபைலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார், படிக்கிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து அதை இறக்கி, “என்ன சொல்றீங்க?” என்றார்.

“சரிங்க,” என்றார் பட்டாளத்தார்.

பக்கத்து மேஜைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

“எது சரி? உங்க வீடு பத்தி எரியுது, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடவா வேண்டாமான்னு கேட்டேன்.”

பட்டாளத்தார் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு வேறு வழியில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு, எட்டுப் பேர் கதையையும் தோள் கதையையும் சொன்னார். சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தால் மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அந்த ஆஸ்பத்திரியில காது கேக்காத மாதிரி நடிக்கிறவங்களைப் பிடிக்க ஏழு வழி வெச்சிருக்காங்க. பின்னாடி தட்டைக் கீழே போட்டுப் பாப்பாங்க. 'சாவி கீழே விழுந்துடுச்சு பாருங்க'ன்னு மெதுவாச் சொல்லுவாங்க. இந்த மாதிரி வேலைகளுக்காகப் பொய்ச் செவிடா வந்தவங்க எத்தனை பேர் தெரியுமா? கேக்கிற மாதிரி நடிக்கிற ஆளைப் பிடிக்க அவங்ககிட்ட ஒரு வழியும் கிடையாது. ஏன்னா இதுவரைக்கும் எந்தக் கிறுக்கனும் அப்படிப் போனதில்லை.”

“வேணும்னு பண்ணலைங்க. கை தானா அமுக்கிடுது.”

“எனக்கே காது குத்தாதீங்க. அந்தப் பொண்ணு சபாஷ் போட்டதும் உங்களுக்குக் குளுந்து போயிருக்கும்.”

அது உண்மைதான்.

மேடம் அலமாரியைக் கொக்கி போட்டுத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். பிறகு அவருக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். மறுபரிசோதனைக்கு ஒரே ஒரு தடவை விண்ணப்பிக்கலாம். அதில் வருவதுதான் முடிவு, அதற்கு மேல் முறையீடு கிடையாது. வேலைக்குச் சான்றிதழ் கொடுக்கக் கடைசி நாள் இந்த மாதம் முப்பதாம் தேதி, மாலை ஐந்து மணி. இந்தப் பிரிவில் விண்ணப்பித்தவர் இவர் ஒருவர்தான், ஆகவே நாற்பது சதவீதத்துக்கு மேல் ஒரு காகிதம் வந்துவிட்டால் வேலை இவருக்கு. வராவிட்டால் அந்த இடத்தைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிடுவார்கள்.

“நான் மேலே பேசி முப்பதாம் தேதி காலையில உங்களுக்கு நேரம் வாங்கித் தர்றேன். அவங்க முடியாதும்பாங்க. நான் ஒத்தைக் கால்ல நிப்பேன். எனக்கு அது பழக்கம்தான்.” சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். “ஆனா ஒண்ணு. இந்தப் படிவத்தோட வீட்டில இருக்கிறவங்க ஒரு வாக்குமூலம் எழுதித் தரணும். உங்களுக்குக் கேக்காததால வீட்டில என்ன கஷ்டம்னு. கீழே நீங்க 'படித்தேன், அனைத்தும் உண்மை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

“வீட்டில ஒண்ணும் கஷ்டம் இல்லைங்க,” என்றார் பட்டாளத்தார்.

“அதை நீங்க சொல்லாதீங்க. அவங்க சொல்லட்டும்.”

அன்று சாயங்காலம் மனைவி சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். சாப்பாட்டு மேஜையில் இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருந்தார்கள். பட்டாளத்தார் நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, படிக்காமல், ஓரக்கண்ணால் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தில் எட்டு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். எட்டு வரியும் தீர்ந்து, மகள் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து வந்தாள். அது தீர்ந்து இன்னொன்று எடுத்து வந்தாள். பட்டாளத்தார் செய்தித்தாளை இறக்கினார்.

“என்னம்மா, கதைப் புத்தகமா எழுதறீங்க?”

“கேக்கிறதுக்கு ஆள் கிடைச்சிருக்கு, விடுவேனா?” என்றாள் மனைவி.

எழுதி முடித்து அவர் கையில் கொடுத்தார்கள். பட்டாளத்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பாதியிலேயே காகிதத்தை மேஜையில் அடித்து வைத்தார்.

“என்னை என்ன, ஒண்ணுக்கும் உதவாதவன்னு எழுதி வெச்சிருக்கே? இதுல நான் கையெழுத்துப் போடணுமா? ஊரே கை கொட்டிச் சிரிக்காது?”

“ஊருக்கு யாரு காட்டப் போறா? அந்த மேடத்துக்கும் டாக்டருக்கும்தான்.”

“முடியாது. எனக்கு வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.”

மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அது அவருக்குத் தெரியாவிட்டாலும் உதடு சின்னதாக அசைவது தெரியும். சின்னதாக அசைந்தால் ஆபத்து.

“இதுல பொய்யா ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்.”

அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது. பட்டாளத்தார் பொய்யைக் கண்டுபிடிக்கும் வைராக்கியத்தோடு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

கதவு மணி அடித்தால் இவர் எழுந்திருப்பதில்லை, கூரியர்காரர் திரும்பிப் போய்விடுகிறார். உண்மை. குக்கர் விசில் அடித்து அடித்து அடிப்பிடித்ததும் வாசனை வைத்துத்தான் போய் அணைக்கிறார். உண்மை, மூன்று தடவை. தொலைபேசியை எடுப்பதேயில்லை, 'அதெல்லாம் எனக்குப் பிடிக்காது' என்கிறார். அது... சரி, உண்மை. நாலு பேர் சேர்ந்து சிரித்தால் இவரும் சிரிக்கிறார், என்ன ஜோக் என்று தெரியாமலே. மனைவியின் அண்ணன் வீட்டில் ஒருவர் தன் ஆப்பரேஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் சிரித்தார். அடப்பாவமே, அந்த ஆள் அதற்குப் பிறகு பேசாமல் போனது இதற்குத்தானா! பட்டாளத்தார் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றல்லவா நினைத்திருந்தார்.

இரண்டாவது தாளின் கடைசியில் எழுத்து கொஞ்சம் மாறியிருந்தது. இது மகள் தானாகச் சேர்த்தது.

'அப்பாவிடம் எதைச் சொன்னாலும் சரி என்பார். போன வருஷம் கணக்குப் பரீட்சையில் தோற்றுவிட்டேன். இரண்டு நாள் தயங்கிவிட்டு, கடைசியில் அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று சொன்னேன். சரி சரி, ரொம்ப நல்லது என்றார். திட்டாமல் விட்டாரே என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் இல்லை.'

பட்டாளத்தார் அந்த வரிகளை எத்தனை தடவை படித்தார் என்று தெரியாது. மகளை நிமிர்ந்து பார்த்தார். அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

“கணக்குல போயிடுச்சா?”

மகள் அவர் பக்கம் திரும்பினாள். “அப்புறம் திருப்பி எழுதிப் பாஸ் பண்ணிட்டேன்ப்பா.”

“அப்ப நான் ரொம்ப நல்லதுன்னு சொன்னேனா?”

“ஆமாப்பா.”

அவருக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் சமாளித்துவிட்டோம், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, அதை நினைக்கத்தான் ரொம்ப வெட்கமாக இருந்தது. பேனாவை வாங்கி, 'படித்தேன், அனைத்தும் உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டாளத்தில் போடுகிற மாதிரி கீழே தேதியும் நேரமும் எழுதினார்.

சரி, உண்மையை ஒப்புக்கொண்டாயிற்று. கட்டைவிரலை என்ன செய்வது?

மகள்தான் பயிற்சி கொடுத்தாள். அவரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, கையில் ஒரு பழைய பேனாவைக் கொடுத்து, பின்னால் நின்று தன் போனில் சத்தத்தை ஏற்றியும் இறக்கியும் வைத்தாள். கேட்டால் பேனாவின் தலையை அமுக்க வேண்டும். முதல் நாள் அவர் அமுக்கியது இருபத்திரண்டு தடவை. மகள் சத்தம் வைத்தது ஒன்பது தடவை. தோள் இல்லாவிட்டாலும் விரல் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு அமுக்கியது. சுவரில் அவள் நிழல் அசைந்தால் அமுக்கியது. தரையில் காலடி அதிர்ந்தால் அமுக்கியது.

“அப்பா, நீங்க பாஸ் ஆகக் கூடாது. ஃபெயில் ஆகணும். புரியுதா?”

“ஃபெயில் ஆகறது இவ்வளவு கஷ்டமா இருக்கும்னு தெரியாதும்மா.”

“எனக்கு ஈஸியா வந்துச்சே,” என்றாள் மகள். இந்தத் தடவை அவள் முன்னால் நின்று சொன்னதால் அவருக்குத் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்து சிரித்தார்.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு மனைவியும் அவரும் மருத்துவமனையில் இருந்தார்கள். துணிக்கடையில் அவள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். அதே பெண். விண்ணப்பத்தின் ஓரத்தில் மேடம் சிவப்பு மையில் எழுதியிருந்ததை அவள் படித்தாள்: 'இவரைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார வைக்கவும். தயவுசெய்து பாராட்ட வேண்டாம்.'

அந்தப் பெண் ஒருமுறை அவரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. காது சிவக்கச் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். “அன்னிக்கு உங்க ரிசல்ட்டைப் பாத்துட்டு, இந்த வயசுல இப்படி ஒரு காதான்னு எங்க டாக்டர்கிட்ட வேற சொன்னேன் ஐயா.”

ஹெட்போனை மாட்டினாள். பொத்தானைக் கையில் கொடுத்தாள். முதலில் இடது காது என்று தொட்டுக் காட்டினாள். தடித்த கதவு மூடிக்கொண்டது.

எதிரே சுவர். சத்தத்தை விழுங்குவதற்காகச் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்ட அட்டைகள். பட்டாளத்தார் நேராக உட்கார்ந்து, கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டார். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. விரல் துடித்தது. 'சும்மா கிட' என்று அதனிடம் வாய்க்குள் சொன்னார். பிறகு தூரத்தில் ஒரு கொசு பறக்கிற மாதிரி கேட்டது. அமுக்கினார். நீளமாக ஒரு இடைவெளி. காலி டிரம்மை யாரோ தட்டுகிற மாதிரி ஒன்று. அமுக்கினார். மறுபடி இடைவெளி. பீரங்கிப் பக்கத்தில்கூட அவருக்கு இப்படி வேர்த்ததில்லை. கேட்டதற்கு மட்டும் அமுக்குவது என்றால் இவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று அவருக்கு இத்தனை நாள் தெரியாது.

கதவு திறந்தது. அந்தப் பெண் முன்னால் வந்து, “இப்ப வலது காது,” என்று அதைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு காதையும் சேர்த்து ஒரே காதாகத்தான் பட்டாளத்தார் நினைத்து வைத்திருந்தார். ஒவ்வொரு காதாக யார் கணக்குப் பார்க்கிறார்கள்? இப்போது விரல் பழகிவிட்டிருந்தது, துடிக்கவில்லை. அவர் காத்திருந்தார். அட்டையில் ஒரு வரிசைக்கு எத்தனை ஓட்டை என்று எண்ணினார். முப்பத்தாறு. அடுத்த வரிசையையும் எண்ணினார். அந்தப் பெண் கருவியைச் சரிபார்க்கிறாள் போல, அல்லது யாராவது கூப்பிட்டிருப்பார்கள். அவசரம் ஒன்றும் இல்லை, ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது, நிதானமாகப் பார்க்கட்டும். எட்டாவது வரிசை எண்ணிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்த காற்று பிடரியில் பட்டது.

“நான் ரெடிங்க,” என்றார் திரும்பாமலே. “நீங்க எப்ப வேணா ஆரம்பிக்கலாம்.”

அந்தப் பெண் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்தாள். சிரிப்பு இல்லை.

“முடிஞ்சிடுச்சுங்க ஐயா.”

“இடது காது முடிஞ்சிடுச்சு. வலது காது?”

“வலது காதுதான் முடிஞ்சுது. கடைசி அளவு வரைக்கும் ஏத்திப் பாத்துட்டேன். சந்தேகமா இருந்துச்சுன்னு ரெண்டாம் தடவையும் வெச்சேன்.” அவர் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே, “அதுக்கு மேல இந்த மிஷின்ல சத்தம் கிடையாதுங்க ஐயா,” என்றாள்.

பட்டாளத்தார் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்தார்.

மூன்று கையெழுத்தும் வட்ட முத்திரையும் விழுந்து காகிதம் கைக்கு வரும்போது மணி ஒன்றரை. அறுபத்து மூன்று சதவீதம். கூடத்து பெஞ்சில் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து, மனைவி அதைப் படித்தாள். படித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பதினான்கு மாதமாக அவள் ஏங்கிய காகிதம் அது. வேலை கிடைத்துவிட்டது. சிரிக்கப் போன வாய் கோணிக்கொண்டு அழுகையாகிவிட்டது. பட்டாளத்தார் முழுசாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

“இந்தப் பக்கத்துக் காது சுத்தமாச் செத்துப் போச்சாம். உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போலேருந்து?”

“ஒன்பது வருஷம் இருக்கும்.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேனே,” என்றாள் மனைவி. “அந்தப் பக்கம்தானே படுக்கிறேன். விளக்கை அணைச்சிட்டு எத்தனையோ சொல்லியிருக்கேன். எல்லாத்தையும் அந்தக் காதுலதான் சொன்னேன்.”

கூடத்தில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். பட்டாளத்தார் எழுந்தார். அவளைச் சுற்றிக்கொண்டு போய், பெஞ்சின் மறுபக்கம், இடது காது அவள் பக்கம் வரும்படி ஒட்டி உட்கார்ந்தார்.

“இப்பச் சொல்லு,” என்றார்.

மனைவி மூக்கை உறிஞ்சினாள். காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

“நிறைய இருக்கு,” என்று அந்தக் காதில் சொன்னாள். “முதல்ல இதைக் கொண்டுபோய் மேடத்துக்கிட்டே கொடுத்துட்டு வந்துடுவோம்.”